திசை தெரியாத மோட்டார்

மே மாதம் வேலூர்ப் பக்கம் ஏர்கூலர் ஓடாத வீடு குறைவு. கூலரின் அடித்தொட்டியில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்குமே உள்ளங்கை அளவு பம்பு, சீசன் முடிந்ததும் அதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். முன்மூடியைக் கழற்றினால் சின்ன இம்பெல்லர் ஒன்று கையோடு வரும். முன்னால் வளைவே இல்லாத நேரான சில இதழ்கள், பின்னால் விரல் தடிமனில் உருளைக் காந்தம், நடுவில் மெல்லிய தண்டு. ஒயரோ செப்புச் சுருளோ கண்ணில் படாது. எல்லாவற்றையும் எபாக்சி ஊற்றி அடைத்திருப்பார்கள். காந்தத்தை மறுபடி குழிக்குள் விட்டு விரலால் சுற்றினால், ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும். இப்போது காந்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு இதழ்களை மட்டும் திருப்புங்கள். பல பம்புகளில் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை இதழ்கள் தனியாக ஆடும். பம்பு லூசாகிவிட்டது என்று நினைத்து ஃபெவிக்விக் போட்டு ஒட்டியவர்கள் உண்டு. ஒட்டிய பிறகு பம்பு கிளம்பாது. அந்த ஆட்டம் வேண்டுமென்றே விட்டது.

இதே இன மோட்டார்தான், விலை மட்டும் கூடி, பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்குள்ளும் சுற்றுகிறது. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் பவர்ஹெட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உலகம் முழுக்கப் பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் 2000-களின் நடுவில் இந்தப் பம்பைப் பிரித்து, இம்பெல்லரை எடுத்துவிட்டு, கப்பலுக்கு இருப்பதுபோல் ஒரு புரொப்பல்லரைச் செருகத் தொடங்கினார்கள். தண்ணீர் பல மடங்கு ஓடியது. பிறகு அந்தப் பம்பை, பம்புகளை மாற்றி மாற்றி ஓட்டி நிறுத்தும் வேவ் மேக்கர் பெட்டியில் மாட்டினார்கள். சிக்கல் அங்கே ஆரம்பித்தது.

அந்தச் சிக்கலுக்குப் போகுமுன், பவளத்துக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று பார்த்துவிடுவோம்.

பவளம் ஒரு விலங்கு. ஆனால் நகராது. உணவும் ஆக்சிஜனும் தேடி வர வேண்டும், கழிவு தானாக விலகிப் போக வேண்டும். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தருகின்றன. அப்போது ஆக்சிஜன் அளவுக்கு மீறிச் சுரந்து வெளியேற இடம் தேடும். இரவில் நிலைமை தலைகீழ். பவளமும் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். ஆக, இருபத்துநான்கு மணி நேரமும் தோலின் வழியே ஏதோ ஒன்று உள்ளேயோ வெளியேயோ போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குக் குறுக்கே நிற்பது தண்ணீரேதான். நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், எந்தப் பரப்பை ஒட்டியும் நகராத மெல்லிய படலம் ஒன்று இருக்கும். எல்லைப்படலம் என்பார்கள். அதற்குள் பொருள்கள் தாமாகப் பரவித்தான் கடக்க வேண்டும். அசையாத நீரில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் பரவ சுமார் 4 நிமிடம் ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு? 40 நிமிடம் என்று சொல்லத் தோன்றும். விடை ஏறக்குறைய 7 மணி நேரம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும் என்பது பரவலின் விதி. படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குப் பவளம் பிழைக்கும். அதை மெல்லியதாக்குவது நீரின் ஓட்டம்.

பவளமும் சும்மா இருப்பதில்லை. அதன் மேல்தோலில் நுண்ணிழைகள் உண்டு. அவை துடுப்புப் போல அடித்துத் தோலையொட்டிக் குட்டிச் சுழல்களை உண்டாக்குகின்றன என்பதை எம்.ஐ.டி.யும் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-ல் படம்பிடித்துக் காட்டியது. நீர் ஓடாத நேரத்தில் பவளம் தனக்குத் தானே கலக்கிக்கொள்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குத்தான்.

வெப்பம் ஏறும்போது ஓட்டத்தின் அருமை இன்னும் தெரியும். 1998-ல் உலகக் கடல்கள் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, ஜப்பானின் ஒகினாவாவில் சில இடங்களில் பவளம் தப்பியது, சில இடங்களில் செத்தது. நகமுராவும் வான் வூசிக்கும் அங்கே கிளைப் பவளங்களை ஒரே சூட்டில், வேகமாக ஓடும் நீரிலும் கிட்டத்தட்ட நின்ற நீரிலும் வைத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி ஓடும் நீரில் இருந்தவை தாக்குப்பிடித்தன. சூடு ஏறினால் பாசிகள் நச்சு ஆக்சிஜன் சேர்மங்களை உமிழும். ஓடும் நீர் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும்.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதன் சாயலைப் பார்க்கலாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றில் இரண்டு இப்போது நீருக்குள். அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளோடு சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2010-லும் 2016-லும் இங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. இரண்டும் கோடையில், சோழகக் காற்று பிடித்துக் கடலைக் கலக்கிக் குளிர்விப்பதற்கு முன். ராமேஸ்வரத்து மீனவர்கள் தென்கடல் என்று சொல்வது மன்னார் வளைகுடாவை, வடகடல் என்பது பாக் நீரிணைப் பக்கத்தை. தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிடித்தால் மாறிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை காற்றும் நீரோட்டமும் திசை மாற, அதற்குள் அலை நொடிக்கு நொடி முன்னும் பின்னும் அசைக்க, பவளக் கிளையின் எந்தப் பக்கமும் நிரந்தரமாக மறைவில் இருப்பதில்லை.

தொட்டியில் ஒரே பம்பு ஒரே பக்கம் ஊதிக்கொண்டிருந்தால் இது நடக்காது. ஊதும் பக்கம் தோல் உரியும். பின்பக்கம் அழுக்கு தங்கிப் பாசி பிடிக்கும். அதனால்தான் ஓட்டத்தை மாற்றி மாற்றித் தர வேண்டியிருக்கிறது.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி டேனரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதையெல்லாம் யாரும் பாடம் நடத்த வேண்டாம். தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டுவிட்டு அப்படியே விட்டால், தோலை ஒட்டிய நீரில் மருந்து தீர்ந்துவிடும். பக்கத்துத் தோலோடு ஒட்டிய இடத்தில் ஒன்றும் இறங்காது. பட்டை பட்டையாகக் கறை நிற்கும். அந்தக் காலத்தில் ஆட்கள் குழியில் கிடந்த தோலை வெளியே இழுத்துப் போட்டு, குழியைக் கலக்கிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளுவார்கள். பிறகு துடுப்புச் சக்கரம் வைத்த பேடில் தொட்டி வந்தது, மரத்தாலான பெரிய டிரம் வந்தது. ஊறவைக்கும்போது டிரம்மை இடைவிடாமல் ஓட்டினால் தோல் உரசி மேற்பரப்பு கெடும். ஆகவே சில நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுவார்கள். முடிச்சு விழாமலிருக்கத் திசையை மாற்றியும் ஓட்டுவார்கள். இதை டைமர் வைத்துத் தானாகச் செய்யும் பெட்டி இன்றைய டிரம்களில் இருக்கிறது. பவளத்தொட்டிக்காரர்கள் வேவ் மேக்கர் என்று சொல்லும் பெட்டியும் வேலையில் இதேதான்: பம்பை ஓட்டும், நிறுத்தும், இன்னொன்றை ஓட்டும். (நம் கடைகளில் புரொப்பல்லர் பம்பையே வேவ் மேக்கர் என்று விற்கிறார்கள். இங்கே நான் சொல்வது மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பெட்டியை மட்டும்.)

டிரம்மை ஓட்டுவது மும்முனை மோட்டார். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை மூன்று ஒயர்களின் வரிசையே சொல்லிவிடும். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆம்பூரில் எந்த எலக்ட்ரீஷியனும் அரை நிமிடத்தில் செய்வார். கூலர் பம்பிலும் பவர்ஹெட்டிலும் இருப்பது வேறு சாதி. அதற்கு வருவோம்.

இப்போது ஒரு கற்பனை. விரிஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் நான்கடித் தொட்டி: நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 50, நீர் மட்டம் 50. கணக்குச் சுத்தமாக 300 லிட்டர். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலைத் தாண்டிப் பாலாற்றுக்குள் இறங்கினால் ஆண்டில் பெரும்பாலான நாள் மணல்தான்; தண்ணீர் அதற்கடியில். ஆம்பூரும் வாணியம்பாடியும் ஆற்றின் மேற்புறத்தில் இருக்கின்றன. தோல் கெடாமலிருக்கப் பூசிய உப்பு, ஊறல் நீரோடு பல பத்தாண்டுகள் இந்த மணலுக்குள் இறங்கியது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பற்றித்தான் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 'மாசு செய்தவரே ஈடு தர வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது.

போர் தண்ணீர்தான் ஏற்கெனவே உப்பாச்சே, பவளத்தொட்டிக்குப் பாதி வேலை மிச்சம் என்று யாராவது விளையாட்டாகச் சொல்லலாம். உப்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் மெக்னீசியம் ஏறக்குறைய 1,300 மில்லிகிராம், கால்சியம் 400-க்குக் கொஞ்சம் மேல். இந்த விகிதம் உலகின் எந்தப் பெருங்கடலிலும் ஒன்றுதான். பவளம் தன் எலும்புக்கூட்டை இந்தக் கால்சியத்தில் கட்டுகிறது. ஆகவே போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு டி.டி.எஸ். பூஜ்யத்தை ஒட்டிவரச் செய்து, அதில் கடலுப்புக் கலவையைப் புதிதாகப் போட வேண்டும். 300 லிட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் பிடிக்கும்.

தண்ணீரைச் சரிசெய்துவிடலாம். வெயிலைச் சரிசெய்வதுதான் கஷ்டம். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வரை சுகம், 31-ஐத் தாண்டினால் ஆபத்து. வேலூரில் கோடையில் வெளியே 40-ஐத் தாண்டும். இந்த நிலைமையில் தொட்டிக்குள் மூழ்கிய ஒவ்வொரு பம்பும் ஒரு சிறு ஹீட்டர். அது இழுக்கும் மின்சாரம், சுருளில் வீணாவதும் சரி, நீரைத் தள்ளுவதும் சரி, கடைசியில் தொட்டி நீரின் சூடாகத்தான் முடியும்.

பவளத்தொட்டிக்கு மணிக்கு அதன் கொள்ளளவைப் போல் இருபது முதல் ஐம்பது மடங்கு வரை நீர் சுழல வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் கணக்கு. முப்பது என்று வைத்தால் 300 லிட்டருக்கு மணிக்கு 9,000 லிட்டர். பழைய மாக்சி-ஜெட் 1200 வகைப் பம்பு சுமார் 20 வாட்டில் மணிக்கு 1,100 லிட்டர் தள்ளும். எட்டுப் பம்பு வேண்டும். 160 வாட். வெளியே சூடு போகாவிட்டால் 300 லிட்டர் நீர் மணிக்குக் கிட்டத்தட்ட அரை டிகிரி ஏறும். ஆவியாதல் இதில் ஒரு பகுதியைக் கொண்டுபோகும் என்றாலும், ஓடுகிற ஏ.சி.யோடு பம்பு மல்லுக்கட்டும். இரண்டு மாதத்தில் 230 யூனிட். மின்வாரியம் வீடுகளுக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

புரொப்பல்லர் மாற்றம் இந்தக் கணக்கைத்தான் உடைத்தது. சாதாரணப் பவர்ஹெட், நீரை இம்பெல்லரின் விளிம்புக்கு வீசி ஒரு குறுகிய வாய் வழியே பீய்ச்சுகிறது. 12 மில்லிமீட்டர் வாய் என்றால் மணிக்கு 1,100 லிட்டர் என்பது நொடிக்கு 2.7 மீட்டர் வேகம். நேரே பட்டால் பவளத்தின் தோலைக் கிழிக்கும் வேகம். ஆனால் நீரின் இயக்க ஆற்றலாக அது வெளியே தருவது 1 வாட்டுக்குச் சற்று மேல்தான். அதே ஒரு வாட்டை 50 மில்லிமீட்டர் அகலப் புரொப்பல்லர் வழியே விட்டால் வேகம் நொடிக்கு 1 மீட்டராகக் குறையும். நீரின் அளவோ மணிக்கு 7,000 லிட்டரைத் தாண்டும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவது மலிவு. ஊதுகுழலுக்கும் மின்விசிறிக்கும் உள்ள வித்தியாசம் இது. அறை முழுக்கக் காற்று வேண்டுமென்றால் யாரும் ஊதுகுழலை எடுப்பதில்லை. எட்டுப் பம்பு செய்த வேலைக்கு இரண்டு போதும். 160 வாட் 40 ஆகும்.

ஜெர்மனியின் டுன்சே நிறுவனம் முதலிலேயே புரொப்பல்லருக்கென்று வடிவமைத்த பம்பை விற்றது. விலை அதிகம். அதனால்தான் கைத்தொழில் ஆர்வமுள்ளவர்கள் மலிவான மாக்சி-ஜெட்டின் மூக்கை வெட்டி, கிட் வாங்கிப் புரொப்பல்லர் மாட்டினார்கள். இது எவ்வளவு பரவியதென்றால், பின்னால் தயாரிப்பாளரே இரண்டு தலையும் சேர்த்து, எது வேண்டுமோ அதைப் பொருத்திக்கொள் என்று ஒரே பெட்டியில் விற்கும் நிலை வந்தது.

இனி அந்த மோட்டார். சுருளில் ஒருமுனை மாறுமின்சாரம் பாய்கிறது. நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், ஆகவே சுருளின் வடமுனையும் தென்முனையும் நொடிக்கு 100 முறை இடம் மாறும். நடுவில் இருக்கும் காந்தம் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சரியாக 3,000 சுற்று. ஓடத் தொடங்கிய பிறகு பிரச்சினையே இல்லை. தொடங்குவதுதான் பிரச்சினை. சுவிட்ச் போட்ட கணத்தில் காந்தம் நின்றுகொண்டிருக்கிறது. சுருள் அதை ஒரு பக்கம் இழுக்கிறது. அது அசைவதற்குள் 10 மில்லிநொடி முடிந்து எதிர்ப்பக்கம் இழுக்கிறது. காந்தம் இங்கும் அங்குமாக உதறும். உதறல் பெரிதாகி, ஏதாவது ஒரு தருணத்தில் தாவித் தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கமாகத் தாவும்? காந்தம் எந்தப் பக்கமாக ஓய்ந்து நின்றது, சுவிட்ச் போட்ட கணத்தில் மின்சாரம் அலையின் எந்த இடத்தில் இருந்தது, இரண்டையும் பொறுத்தது. நடைமுறையில் அது சீட்டு எடுப்பது போலத்தான்.

கூலர் பம்பில் திருப்பிப் பார்த்த அந்த ஆட்டத்தின் வேலை இப்போது புரியும். முதல் அரைச் சுற்றுக்குக் காந்தம் நீரின் பாரம் இல்லாமல் தனியாக உதறி வேகம் பிடிக்கட்டும், பிறகு இதழை முட்டி இழுக்கட்டும் என்று விட்ட இடைவெளி அது. இதழ்கள் நேராக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் நேரான இதழ் நீரை விளிம்புக்குத்தான் வீசும். மோட்டாருக்குத் திசை தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டே, திசை தேவைப்படாத இம்பெல்லரை மாட்டியிருக்கிறார்கள். மலிவான பொருளுக்குள் இப்படி ஒரு பொருத்தம் அமைவதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

புரொப்பல்லர் இந்தப் பொருத்தத்தைக் கலைத்துவிடுகிறது. அதன் இதழ்கள் சாய்ந்தவை. எதிர்ப்பக்கம் சுற்றினால் நீர் பின்னோக்கி, பம்பின் உடம்பின் மேலேயே பாயும். முன்பக்கம் உறிஞ்சும். பாதுகாப்பு வலையைப் பின்னால் மட்டும் போட்டிருந்தால், அசைந்து வந்த கடல் சாமந்தி முன்னால் சிக்கிக் கூழாகும். இதைத் தவிர்க்கத்தான் மாற்று கிட்களில் ஒரு தடுப்புக் கொக்கி வந்தது. தப்பான பக்கம் சுற்றத் தொடங்கினால் கொக்கி முட்டும், காந்தம் எகிறித் திரும்பி மறுபக்கம் ஓடும். ஒவ்வொரு முட்டலும் 'டக்'கென்று கேட்கும். அதோடு புரொப்பல்லர் அகலமானது, நீரை அள்ளிப் பிடிப்பது. கிளம்புவதற்கே மோட்டார் திணறும். கிளம்ப முடியாவிட்டால் உம்மென்று உறுமிக்கொண்டு நிற்கும். சுருள் எரியாமலிருக்க ஏற்பாடு உண்டு. ஆனால் நீர் ஓடாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பம்பு ஓடுவதாகவே தோன்றும்.

நாள் முழுக்க ஓடும் பம்புக்கு இந்தச் சோதனை எப்போதாவதுதான், கரன்ட் போய் வரும்போது. வேவ் மேக்கரில் மாட்டினால் அதுவே பிழைப்பாகிவிடும். அரை நிமிடம் இடப்பக்கப் பம்பு, அரை நிமிடம் வலப்பக்கப் பம்பு என்று வைத்தால் ஒவ்வொன்றும் நாளைக்கு 1,440 முறை கிளம்ப வேண்டும். கொக்கி இல்லையென்றால் அதில் பாதியளவு பின்னோக்கி ஓடும். கொக்கி இருந்தால் நாளுக்கு நூற்றுக்கணக்கான முட்டல். பிளாஸ்டிக் கொக்கி தேயும், புரொப்பல்லரின் கழுத்து வெடிக்கும், காந்தத்தின் மேலுறை கீறும். தள்ளு விசையையும் மறக்கக் கூடாது. மேலே போட்ட கணக்கில் அது சுமார் 200 கிராம் எடைக்குச் சமம். ஒவ்வொரு தொடக்கத்திலும் பம்பு பின்னால் உதைக்கும். சக்ஷன் கப்பில் ஒட்டிய பம்பு ஒரு நாள் கண்ணாடியை விட்டுக் கழன்று விழும். விழுந்தபடியே மணலைக் கிளப்பிப் பவளத்தின் மேல் கொட்டும்.

உண்மையான அலை வேண்டும், நீர்மட்டமே ஏறி இறங்க வேண்டும் என்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். எந்தத் தொட்டிக்கும் அதற்கே உரிய ஊஞ்சல் நேரம் உண்டு. நம் 120 சென்டிமீட்டர் தொட்டியில் 50 சென்டிமீட்டர் நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப 1.33 நொடி எடுக்கும். அந்தத் தாளத்தில் பம்பு தள்ளினால் சின்ன விசையே பெரிய அலையாகிவிடும். டுன்சேயின் அலைப்பெட்டி இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்தது. மாற்றிய மாக்சி-ஜெட்டை இந்தத் தாளத்துக்கு ஆட்ட வேண்டுமானால் நாளைக்கு 64,000 முறைக்கு மேல் அது கிளம்ப வேண்டும். இருக்கும் முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்துக்குள் உதறி, தாவி, திசை பிடித்து, நீரையும் தள்ளி முடிக்க வேண்டும். நடக்கிற காரியம் இல்லை. நடந்தாலும் தொட்டியின் சிலிகான் ஒட்டுகள் நாள் முழுக்க இழுபடும். அதை எண்ணிக் கட்டாத தொட்டியில் இந்த விளையாட்டே வேண்டாம்.

மோட்டாரை நிறுத்தாமல் அலை உண்டாக்கிய புத்திசாலிகளும் இருந்திருக்கிறார்கள். ஹவாயின் வைக்கிக்கி மீன்காட்சியகத்தில் புரூஸ் கார்ல்சன் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டிக்கு மேலே ஒரு பீப்பாய், அதிலிருந்து மேலேறி வளைந்து கீழே இறங்கும் குழாய். சின்னப் பம்பு ஒன்று பீப்பாயை மெதுவாக நிரப்பிக்கொண்டே இருக்கும். நீர் வளைவைத் தாண்டியதும் சைஃபன் பிடித்து மொத்தப் பீப்பாயும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டும். காற்று புகுந்ததும் நிற்கும். மறுபடி நிரம்பும். வால்வு இல்லை, டைமர் இல்லை, தேயும் பாகம் இல்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பவளத்தொட்டியில் வால்டர் ஏடி, நிரம்பினால் கவிழும் வாளியை வைத்து இதே காரியத்தைச் செய்தார். சத்தமும் தெறிக்கும் உப்பும்தான் குறை. வீட்டுக் கூடத்தில் வைத்தால் வீட்டில் இருப்பவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். மொட்டைமாடி அறையில் தாராளமாகச் செய்யலாம்.

கடைசியில் இந்தச் சிக்கலைத் தீர்த்தது மின்னணுவியல். இன்றைய டி.சி. பம்பில் காந்தம் எங்கே நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுச் சுற்று கவனித்து, அதற்கேற்ற வரிசையில் சுருள்களுக்கு மின்சாரம் தருகிறது. டேனரி டிரம்மின் மும்முனை மோட்டாரைப் போல இதற்கும் திசை தெரியும். மெதுவாக வேகம் ஏற்றலாம், இறக்கலாம், முழுக்க நிறுத்தாமலே அலையை உண்டாக்கலாம். அமெரிக்காவின் எக்கோடெக் மரீன் இன்னொரு படி போய், மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து, உள்ளே புரொப்பல்லரைக் காந்தத்தால் சுழற்றியது. சுருளின் சூடு தண்ணீருக்குள் வராது. வேலூர் மாதிரி ஊருக்கென்றே செய்ததுபோன்ற பம்பு, விலைதான் நம்முடையதல்ல.

என் தீர்ப்பு இதுதான். புரொப்பல்லர் மாட்டிய பழைய பம்பு கையில் இருந்தால் அதை வேவ் மேக்கரில் மாட்டாதீர்கள். நிறுத்தாமல் ஓடவிடுங்கள், அடிப்படை ஓட்டத்தை அது தரட்டும். மாற்றாத இம்பெல்லர் பம்புகள் இரண்டை வேவ் மேக்கரில் போட்டு, குறுக்கே மாறி மாறி ஊதவிடுங்கள். அவை எந்தப் பக்கம் கிளம்பினாலும் நீர் முன்னால்தான் வரும். இடைவெளியையும் நொடிக்கணக்கில் வைக்காமல் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று வைத்தால் தேய்மானம் அடியோடு குறையும். கடலின் நீரோட்டமும் அவசரப்படாமல்தான் திசை மாற்றுகிறது. பணம் இருந்தால் டி.சி. பம்பு வாங்குங்கள். பேட்டரி மாட்டிக்கொள்ளும் வகையென்றால் கரன்ட் போனாலும் கவலையில்லை. சதுர அலை இன்வெர்ட்டரில் பழைய பம்பு உறுமும், சில சமயம் கிளம்பாமலே நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கரன்ட் வந்ததும் பம்பின் சத்தத்தை நம்பாமல், அதன் வாய்க்கு முன்னால் ஒரு துளி மீன் தீனியைப் போட்டு நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

பவளத்தை எங்கே வாங்குவது என்ற கேள்விக்குச் சட்டம்தான் பதில். 2001-ல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கிளையை ஒடித்துவருவது புலி வேட்டைக்கு நிகரான குற்றம், சிறைக்குப் போகலாம். 'நம்ம கடல் பவளம்தான், மலிவு' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். உரிய ஆவணம் இல்லாத வெளிநாட்டுப் பவளத்தையும் வாங்காதீர்கள். கடல்நீர்த் தொட்டியும் அலையும்தான் ஆசை என்றால் கோமாளி மீன் போதும். அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்து மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தினர் எப்போதோ கைவரச் செய்துவிட்டார்கள்.

இன்னொன்று. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பம்பின் மூக்கை வெட்டி மாற்றும்போது எபாக்சியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் தொட்டி முழுக்க மின்சாரம் பரவும். கையை விடும்வரை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு ஏறுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டி இருக்கும் அறைக்கு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். பம்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.